செம்பருத்தியில் மாவுப்பூச்சி

மாவுப்பூச்சியை முதன்முதலில் பார்த்தபோது அதைச் சாம்பல் என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் அப்படி நினைப்பது இயல்பு. வடக்கிலிருந்து காற்றடிக்கும் நாட்களில் அனல்மின் நிலையத்துச் சாம்பலும், சாலையில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியும் சேர்ந்து வந்து படியும். கொடியில் காயும் துணி, தண்ணீர்க் குடத்தின் மூடி, செடியின் இலை, எதையும் விடாது. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் போய்விடும்.

இது போகவில்லை. செம்பருத்தியின் நுனிக் கொழுந்தில், மொட்டின் காம்பைச் சுற்றி, நனைந்து காய்ந்த பஞ்சு போல ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தேய்த்தேன். பிசுபிசுவென்று நசுங்கி, இளஞ்சிவப்பாக ஒரு நீர் விரலில் பட்டது.

"மாமா, இது தூசி இல்ல. உசுரு கீது" என்றேன்.

என் கணவர் வழக்கம்போல வாசலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "எங்க? இப்படி காட்டுமே" என்றார். நான் தொட்டியை இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். அவர் குனிந்து பார்க்க முயன்றார். குனிந்தால் அவருக்கு மூச்சு முட்டும். பாதியிலேயே நிமிர்ந்துவிட்டார்.

"நேத்து இல்லியே" என்றார், யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதுபோல.

நாங்கள் திருவொற்றியூரில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். ஓர் அறை, ஒரு சமையலறை, மீதி வெறும் தளம். அந்தத் தளம் இருந்ததால்தான் செடி வந்தது. அவர் துறைமுகத்துக்கும் கண்டெய்னர் யார்டுகளுக்கும் இடையே டிரெய்லர் லாரி ஓட்டியவர். பல வருடம் ஓட்டினார். துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசையில் ராத்திரியெல்லாம் காத்துக் கிடந்து, முன்னால் நிற்கும் வண்டியின் புகையையே சோறுபோலத் தின்றார். இளைப்பு மெதுவாகத்தான் வந்தது. முதலில் மாடிப்படி ஏறும்போது, பிறகு நடக்கும்போது, கடைசியில் சட்டை பட்டன் போடும்போதுகூட. இனி வண்டி ஓட்டக் கூடாது, புகை, தூசி, நெடி எதுவும் ஆகாது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு அவர் சிரித்தார். "அப்ப எங்க போய் இருக்கறது, நிலாவுலயா?" என்றார்.

வேலையை விட்ட முதல் மாதங்களில் அவர் யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்தச் சமயத்தில் அவரோடு வண்டி ஓட்டியவர் ஒருவர் பார்க்க வந்தார். கையில் ஆப்பிளுக்குப் பதிலாக ஈரச் சாக்கில் சுற்றிய செம்பருத்திக் குச்சிகளைக் கொண்டுவந்தார். உடைந்த பக்கெட்டில் ஊன்றி வைத்தோம். வேர் பிடித்தது. பிறகு வேறு நிறம், அடுக்குப் பூ, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வாழ்நாளில் ஒரு பூவைத் திரும்பிப் பார்த்திராத மனிதர், காலையில் காபி குடிக்கும் முன்னால் எது விரிந்திருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்.

செவ்வாய், வெள்ளிகளில் எங்கள் தெருவிலிருக்கும் அம்மன் கோயிலுக்குப் போகும் பெண்கள் படியேறி வருவார்கள். "அண்ணா, செவப்பு ரெண்டு குடுண்ணா" என்பார்கள். அவரே மெதுவாக எழுந்து பறித்துக் கொடுப்பார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அவர் தெருவில் என்ன சேதி என்று கேட்பார். வாரம் முழுக்க வீட்டில் அடைந்து கிடக்கிறவருக்கு அந்த நான்கு வார்த்தைகள் எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெரியும்.

அதனால் பூச்சி வந்ததும் நான் சும்மா இருக்க முடியவில்லை.

நான் தண்டையார்பேட்டையில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். தைத்து வரும் சட்டைகளை டியூப்லைட்டின் கீழே விரித்து, நூல் பிசிறு இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்க வேண்டும். சாயங்காலம் பஸ்ஸில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொள்வேன். மூடிய கண்ணுக்குள்ளும் வெள்ளைத் துணிதான் ஓடும். அப்படி வீட்டுக்கு வந்து படியேறினால், அவர் எனக்காக ஒரு முக்காலியைச் செடிகளுக்கு நடுவே போட்டு வைத்திருப்பார். பக்கத்தில் ஒரு மக்கில் சோப்புத் தண்ணீர், பழைய பல்துலக்கும் பிரஷ். டீயும் போட்டு வைத்திருப்பார். அடுப்பருகே நின்றால் அவருக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் போட்டிருப்பார்.

"உக்காருமே. டீ குடிச்சிட்டு அப்பறம் பாரு" என்பார்.

எனக்குப் படுக்க வேண்டும் போலிருக்கும். காலை நீட்டி, விளக்கைக்கூடப் போடாமல், கொஞ்ச நேரம் கிடந்தால் போதும் என்றிருக்கும். ஆனால் அந்த டீயைக் குடித்த பிறகு எப்படி எழுந்து உள்ளே போவது? பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு, ஒவ்வொரு கொழுந்தாகத் தேய்ப்பேன். இலையைத் திருப்பி நரம்போரம் பார்ப்பேன். கம்பெனியில் துணியைத் திருப்பிப் பார்ப்பதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், துணியில் இன்று எடுத்த பிசிறு நாளைக்கு மறுபடியும் முளைக்காது.

வேப்பெண்ணெய் தெளித்துப் பார்த்தோம். அந்த வாசனைக்கே அவர் இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து, அன்று முழுக்க இன்ஹேலரைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. அதோடு எண்ணெய் பாட்டில் பரணுக்குப் போனது. மருந்து தெளிக்கிற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. சோப்பும் பிரஷ்ஷும் என் கையும்தான்.

எறும்புகள் வேறு. மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதன் கூடவே சுற்றின. நான் தேய்த்துக் கீழே தள்ளியதை அவை மறுநாள் மேலே கொண்டுபோய் வைத்துவிடுகின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம். தொட்டிகளைத் தண்ணீர் ஊற்றிய தட்டுகளில் வைத்தேன். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த கிளை வழியாக ஏறின. கிளையை வெட்டினேன். துணி காயப் போடும் கொடி வழியாக வந்தன.

ஒரு கட்டத்தில் மொட்டுகள் விரியாமலே மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. விரிந்த ஒன்றிரண்டும் ஓரம் சுருண்டு, பிறவியிலேயே கிழவியானதுபோல இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை வந்த பெண் பூவை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். காம்புக்கடியில் வெள்ளை ஒட்டியிருந்தது. சிரித்துவிட்டுக் கிளம்பினாள். ஆனால் படியிறங்கியதும் அதைத் தெருவோரத்தில் போட்டுவிட்டுப் போனதை அவர் மேலிருந்து பார்த்தார். அடுத்த வாரம் யாரும் வரவில்லை. அவர் காலையில் நாற்காலியைக் கோயில் பக்கம் பார்க்காமல் கடல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பிறகு கீழ் வீட்டுக்காரி மேலே வந்தாள்.

அவள் மீன் விற்பவள். அவள் புருஷன் லாஞ்சில் கடலுக்குப் போகிறவர். விடியும் முன்னே காசிமேட்டில் ஏலம் எடுத்து, மதியத்துக்குள் விற்று முடித்துவிட்டு வருவாள். மாடிப்படிக்குப் பக்கத்தில் தரையில் அவள் வைத்த மல்லிக்கொடி, கம்பியைப் பிடித்து ஏறி எங்கள் கைப்பிடிச் சுவர் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. எவ்வளவு மீன் விற்றாலும் சாயங்காலம் குளித்து அந்த மல்லியைத் தலையில் வைத்துக்கொண்டுதான் வாசலில் உட்காருவாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு.

"யக்கா, இன்னாக்கா இது!" என்று ஒரு கொத்து மல்லிக் கொடியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். இலைக் கணுவெல்லாம் வெள்ளையாக இருந்தது. "உன் செடிலேர்ந்துதான் எறங்கி வந்துகீது. எம் மல்லி பூரா கலீஜாயி பூட்ச்சி. மேல வெச்சிகினு கீழ கொட்டிகினே இருந்தா நா இன்னா பண்றது?"

"நான் வேணும்னா கொட்டறேன்? தெனம் உக்காந்து தேச்சிகினுதான் கீறேன்" என்றேன்.

"தேச்சி எப்ப போவும்? மருந்து அடி. இல்லாட்டி புடுங்கிப் போடு."

"மருந்து அடிச்சா அவருக்கு ஆவாது. உனுக்குத் தெரியாதா?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே, "தப்புதாம்மா. என் செடிதான் காரணம்" என்றார். அவள் குரல் இறங்கியது. "உன்னிய சொல்லலண்ணா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஆனால் கோபம் போகவில்லை என்பது அவள் கதவைச் சாத்திய சத்தத்தில் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. நான் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கடல் காற்று எழும்பியிருந்தது. திடீரென்று மூக்கில் ஒரு நெடி ஏறியது. மண்ணெண்ணெய் மாதிரி, அழுகிய பூண்டு மாதிரி, தொண்டையைப் பிடிக்கிற நெடி. கையைக் கழுவாமல் வெளியே ஓடினேன். அவர் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். இருமல்கூட வரவில்லை. வாய் திறந்திருந்தது. காற்று உள்ளே போகாமல் கழுத்துக் குழி மட்டும் உள்வாங்கி உள்வாங்கி வெளியே வந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

கைப்பிடிச் சுவரருகே போய் எட்டிப் பார்த்தேன். கீழே அவள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, கைப் பம்பால் மல்லிக்கொடிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தாள். கீழிருந்து மேலாக அடித்ததை எல்லாம் காற்று அப்படியே எங்கள் தளத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.

"நிறுத்துடீ! அவருக்கு மூச்சு நின்னுடப் போவுது!" என்று கத்தினேன். நான் யாரையும் 'வாடீ போடீ' என்று பேசுகிறவள் இல்லை.

அவள் பம்பை அப்படியே கீழே போட்டாள். நான் இன்ஹேலரை எடுத்து அவர் வாயில் வைத்து அழுத்தினேன். இழுக்க அவரிடம் தெம்பில்லை. அதற்குள் அவள் தெருமுனைக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். படியில் அவரை இறக்க எனக்குப் பலமில்லை. அவளும் ஆட்டோக்காரரும் நாற்காலியோடு அப்படியே தூக்கி இறக்கினார்கள். ஐஸ் பெட்டி தூக்கிப் பழகிய கைகள் அவளுடையவை. வழி முழுக்க அவள் ஆட்டோவில் அவர் முதுகை நீவிக்கொண்டே வந்தாள். "நா இன்னா பண்ணிட்டேன், நா இன்னா பண்ணிட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைத் திட்டவும் வரவில்லை, தேற்றவும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். மதியத்துக்குள் உதட்டில் நிறம் திரும்பியது. சில நாள் இருக்கட்டும் என்று சொல்லி வார்டில் சேர்த்தார்கள். நான் கம்பெனிக்குப் போன் செய்து லீவு சொன்னேன்.

அந்த நாட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் பிழைத்துவிட்டார் என்று தெரிந்த பிறகு, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயை விரித்துப் பட்டப்பகலில் தூங்கினேன். ஆயா வந்து பெருக்க எழுப்பினால் நகர்ந்து படுத்து மறுபடியும் தூங்கினேன். என்னிடம் யாரும் எதையும் பார்க்கச் சொல்லவில்லை. துணி இல்லை, இலை இல்லை. சுற்றிலும் இருமலும் அழுகையுமாக இருந்த அந்த வார்டில் கிடைத்த தூக்கம், அதற்கு முன் பல மாதமாக என் வீட்டில் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு தடவை கண் விழித்தபோது அவர் கட்டிலிலிருந்து தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். புரியவில்லை. கிட்டே போனேன்.

"இவ்ளோ அசதியா உனுக்கு?" என்றார்.

நான் குனிந்து பாயைச் சுருட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்றிருந்தது.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தோம். படியில் நின்று நின்று ஏறினார். மேலே வந்ததும் நின்றுவிட்டார். தளம் வெறிச்சென்றிருந்தது. செம்பருத்தி ஒன்றுவிடாமல் அடிவரை வெட்டப்பட்டு, தொட்டிக்கு ஒரு சாண் கட்டை மட்டும் நின்றுகொண்டிருந்தது. ஓர் இலை இல்லை. தரையைக்கூட யாரோ கழுவிவிட்டிருந்தார்கள்.

கீழ் வீட்டுக்காரி எங்கள் பின்னாலேயே ஏறி வந்தாள். "அண்ணா, நாந்தான் வெட்டினேன். எல்லாத்தியும் மூட்டை கட்டி குப்பை வண்டில போட்டுட்டேன். எம் மல்லியவும் தரையோட வெட்டிட்டேன். இனிமே மருந்து கண்ணுலயே காட்ட மாட்டேன்" என்றாள். பாராட்டுவார் என்று நினைத்தாளோ என்னவோ.

அவர் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உண்மையில் அந்த வெட்டிய கட்டைகளைப் பார்த்தபோது எனக்குள் ஒரு பெரிய மூச்சு இறங்கியது. அப்பாடா, முடிந்தது.

அவர் நாற்காலிக்கு வரவேயில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார், மருந்து கொடுத்தால் வாங்கிக்கொண்டார். நான் கம்பெனிக்குத் திரும்பினேன். சாயங்காலம் வந்தால் முக்காலி இல்லை, மக் இல்லை, டீயும் இல்லை. நேரே போய்ப் படுத்துக்கொள்ளலாம். படுத்தேன். தூக்கம் வந்தது. ஆனால் பக்கத்தில் அவர் விழித்துக்கொண்டு கிடப்பது தூக்கத்திலும் தெரிந்தது.

ஒரு மழை வந்து போன பிறகு, துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். கட்டைகளில் பச்சைப் புள்ளிகள். கிட்டப் போனால் துளிர். ஒன்றில் மட்டுமல்ல, பெரும்பாலானவற்றில். அவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று அன்று முழுக்க யோசித்தேன். சொன்னால் மறுபடியும் முக்காலியும் மக்கும் வந்துவிடும். சொல்லாவிட்டாலும் அது வளரத்தான் போகிறது.

மறுநாள் காலையில் சொன்னேன். அவர் எழுந்து வந்து பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு முதல் கேள்வியாக, "பூச்சி கீதா?" என்றார்.

"இப்ப இல்ல. வரும்."

"வந்தா..."

"மாமா, என்னால முடியாது" என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன். "காலைலேர்ந்து துணிய பாத்துட்டு வந்து இதையும் பாக்க என் கண்ணுல தெம்பு இல்ல. செடி இருக்கட்டும். நான் தேய்க்க மாட்டேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையாட்டினார். "நீ படுத்து தூங்கனத ஆஸ்பத்திரில பாத்தேனே" என்றார். பிறகு, "நானே பண்ணிருப்பேன். குனிய முடியலியே, அதான்" என்றார். அவர் சொன்ன விதத்தில் வெட்கம் இருந்தது. இத்தனை நாளும் தானே செய்ய அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை, குனிய முடியாததால்தான் முக்காலியைப் போட்டு எனக்காகக் காத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கீழே போய் அவளிடம், மீன் அள்ளும் பிளாஸ்டிக் பெட்டிகள் பழசு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஏன் எதற்கென்று அவள் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே கழுவிக் கவிழ்த்து மேலே கொண்டுவந்து அடுக்கினாள். கழுவியும் கவிச்சி போகவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகப் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் தொட்டிகளைத் தூக்கி வைத்தோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் செடி அவர் மார்பு உயரத்துக்கு வந்தது. எட்டாத தொட்டிகளை அவளே கீழே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவற்றை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

"அண்ணா, இந்த நாத்தம் உனுக்கு ஆவுமா?" என்று கேட்டாள்.

"மீன் நாத்தம் நாத்தமா? அது காத்து" என்றார் அவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பூச்சி வந்தது. வராமல் எங்கே போகும்? இலைகள் முற்றும் முன்பே கொழுந்தில் அந்த வெள்ளை ஒட்டிக்கொண்டது. இப்போது அவர் தேய்க்கிறார். ஒரு செடியைப் பார்த்து முடிக்க அவருக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்கிறார். நான் செய்ததில் பாதி வேகம்கூட இல்லை, அதனால் பூச்சி முழுதாகப் போவதே இல்லை. பூக்களும் முன்புபோலப் பெரிதாக இல்லை. கோயிலுக்குப் போகிறவர்களில் ஒருத்தி மட்டும் திரும்ப வருகிறாள். அவளும் காம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறாள். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தண்ணீர்க் குழாயைப் பிடித்து, இலைகளின் அடியில் வேகமாகப் பீய்ச்சி விடுகிறேன். மற்ற நாட்களில் செடிப்பக்கம் போவதில்லை. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடந்து, படியேறி வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டு அப்படியே தரையில் படுத்துவிடுவேன். வெளியிலிருந்து அவர் குரல் கேட்கும். மஞ்சளில் பூச்சி நிறைய இருந்தது, சிவப்பில் கம்மி என்பார். நான் 'ம்' என்பேன். சில நாள் அதையும் சொல்லாமலே தூங்கிப்போய்விடுவேன்.